டேபிள் ஃபேனில் பாடிய ஜப்பான் பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல், பரமத்தி வேலூர் வட்டாரத்தில் ஜப்பான் பாட்டுப் பாடிய ஒரே பெண் நான்தான். இதை இப்போது சொன்னால் கேட்பவர்கள் என் குரலைப் பற்றி உயர்வாக எதையோ நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு பெண் பாடுகிறாள் என்றே நம்பவில்லை.

எங்கள் அப்பாவுக்கு வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்திவந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். மாடியில் நான் டைப் அடித்துக்கொண்டே முணுமுணுத்த பாட்டைக் கேட்டுத்தான் என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

அப்பா மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். சேலம், ஆத்தூர் என்று தூரத்து ஊர்களில் எந்தப் பாட்டு வேண்டுமானாலும் பாடலாம். சொந்தக்காரர்கள் காதில் விழும் தூரத்தில் சாமி பாட்டைத் தவிர வேறெதுவும் கூடாது. குறிப்பாகக் காதல் பாட்டு கூடவே கூடாது. சொந்தக்காரர்கள் என்று அவர் சொன்னது பெரும்பாலும் தன் அக்காவைத்தான், அதாவது என் அத்தையை. பக்கத்து ஊரில் இருந்தாலும் எங்கள் வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது அத்தைக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் மில்லுக்காரர் ஜப்பானுக்குப் போய்வந்தார். வேலூர் ரோட்டில் நூல் மில் வைத்திருந்தவர் அவர். நூல் சுற்றும் புது மெஷின் பார்க்கப் போனவர், மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு ஒரு டேப்ரெக்கார்டரும் அதற்குள் ஒரு கேசட்டுமாகத் திரும்பினார். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பங்காளி ஒருவர் தன் வீட்டுக் கல்யாண வரவேற்புக்குக் கோயம்புத்தூரிலிருந்து கோட்டுப் போட்ட குழுவை வரவழைத்திருந்தார். அது மில்லுக்காரரின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. கேசட்டை எடுத்துக்கொண்டு நேராக மாஸ்டர் கடைக்கு வந்தார்.

"கோட்டு யாரு வேணும்னாலும் தெச்சுப் போட்டுக்கலாமுங்க மாஸ்டர். நமக்கு இந்தப் பாட்டு வேணும். இதே மாதிரி, ஒரு இணுக்குக்கூட மாறாம."

கேசட்டைப் போட்டுக் கேட்டோம். முதலில் குழாயில் தண்ணீர் சொட்டுவது போல ஏதோ கேட்டது. பிறகு துளியும் பிசகாத ஒரு தாளம் தொடங்கியது. அதன்மேல் கிடார் ஒன்று கோபம் வந்த லாரி போல உறுமியது. கடைசியாக ஒரு குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மனிதக் குரலை யாரோ ரம்பத்தால் சீராக அறுத்து அடுக்கியது போல இருந்தது. பாட்டு முடிந்ததும் மாஸ்டர் கேசட்டை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். செய்துவிடலாம் என்று மில்லுக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, எப்படிச் செய்வது என்று எங்களைக் கேட்டார்.

கிடாரின் உறுமலுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். கடையில் மூலையில் கிடந்த கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றில் கிடாரை இணைத்ததும் உறுமல் அப்படியே வந்தது. கிழியாத ஸ்பீக்கருக்காக மெனக்கெட்ட காலத்தையெல்லாம் நினைத்து அவருக்கு வருத்தமாக இருந்தது.

தாளம்தான் பெரும்பாடு. எங்கள் டிரம்ஸ்காரர் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் வேலை பார்த்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய கையில் தாளம் சும்மா நிற்காது. ஒரு பாட்டை ஒரு மேடையில் வாசித்தது போல இன்னொரு மேடையில் வாசிக்கமாட்டார். அவரிடம் போய், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி வாசிக்க வேண்டும், நடுவில் எதையும் சேர்க்கக் கூடாது என்றார் மாஸ்டர். டிரம்ஸ்காரர் கேசட்டை இரண்டு தரம் கேட்டார்.

"நாள் பூரா தறிச் சத்தத்துல இருந்துட்டு, அதுல இருந்து தப்பிக்கத்தான் இங்க வாரேன். இங்கயும் தறிதானுங்களா?" என்றார்.

ஆனாலும் ஒப்புக்கொண்டார். வேலை நேரத்தில் ஓடும் தறியோடு சேர்ந்து தொடையில் தட்டிப் பழகினார். ஒரு மாதத்துக்குள் அவர் கை தறியாகிவிட்டது. முழுப்பாட்டையும் ஒரு அணு பிசகாமல் வாசித்துவிட்டு, ஏதோ தப்புக் காரியம் செய்தவர் போலக் குச்சிகளைக் கீழே வைப்பார்.

வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதியவர் எங்கள் அறிவிப்பாளர். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர், சனி ஞாயிறுகளில் மேடையில் எங்களுக்கு அறிவிப்புச் செய்பவர். பாட்டில் அடிக்கடி 'மாதோ' என்று ஒரு சொல் வந்தது. அதைக் கேட்டதிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. பழந்தமிழ்ச் செய்யுளில் வரும் அசைச்சொல் அல்லவா, ஜப்பான்காரன் இன்னும் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறான், நாம்தான் விட்டுவிட்டோம் என்று கண் கலங்கினார். இன்னொரு சொல் 'யாரு' என்று என் காதில் விழுந்தது. 'யோரு' போலவும் இருந்தது. யாரு என்றே வைத்துக்கொள்வோம், மக்களுக்கும் பிடிபடும் என்றார் அறிவிப்பாளர்.

மிச்சம் இருந்தது என் குரல். தொண்டையை இறுக்கிப் பார்த்தேன், மூக்கைப் பிடித்துப் பார்த்தேன், அலுமினியக் குடத்துக்குள் பாடிப் பார்த்தேன். எதுவும் சரிப்படவில்லை. ஒரு மத்தியானம் வெக்கை தாங்காமல் கடையில் இருந்த டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஈயம் பற்றவைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். ஃபேன் இறக்கைகள் என் குரலைத் துண்டு துண்டாக வெட்டி அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தன. கேசட்டில் இருந்த குரலுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஃபேனுக்கு அந்தப் பக்கம் கைக்குட்டை சுற்றிய மைக்கை வைத்தார். நான் இந்தப் பக்கம் இறக்கைகளுக்கு நேராக முகத்தை நீட்டிப் பாட வேண்டும். கண் எரியும், வாய் உலரும், முடி பறக்கும். அம்மா ஒத்திகை பார்க்க வந்துவிட்டு, நல்லா பாடற பிள்ளையைக் காற்றில் காயப்போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

டேபிள் ஃபேனை மேடையில் வைத்தால் சிரிப்பார்கள் என்று மாஸ்டர் அதைச் சுற்றிப் பலகைப் பெட்டி ஒன்று அடித்து, முன்பக்கம் கலர் பல்புகள் பொருத்தினார். பல்புகள் மாறி மாறி மின்னும். பெட்டிக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், மேடையில் இடம் போதாததால், டிரம்ஸ்காரர்.

அப்பாவிடம் அனுமதி கேட்டபோது அவர் வெகுநேரம் யோசித்தார். வேலூரிலேயே கல்யாணம், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். அர்த்தமே தெரியாத பாட்டில் தப்பு எப்படி இருக்க முடியும் என்று சம்மதித்துவிட்டார்.

கல்யாண வரவேற்பில் அறிவிப்பாளர், "இதோ, ஜப்பானிய மின்னணு இசைப்பாடல்" என்று தூய தமிழில் அறிவித்தார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் பல்புகள் மின்னத் தொடங்கியதும், பிசகாத தாளமும் அறுபட்ட குரலும் வந்ததும், கூட்டம் தானாகவே முடிவுக்கு வந்துவிட்டது. மில்லுக்காரர் ஜப்பானிலிருந்து பாட்டுப் பாடும் மெஷின் கொண்டுவந்திருக்கிறார். 'யாரு' என்று பாட்டில் வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து "நாந்தானுங்க" என்று பதில் வந்தது. முடிந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லாரும் பெட்டியைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். வயசுக்கு வந்த பிள்ளையை மேடையேற்றி ஊருக்கு முன்னால் பாடவைக்கிறாயா என்று கேட்டாள். அப்பா வாயில் வைத்த கவளத்தை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"பாடறது அவ இல்லீங்க அக்கா. அது ஜப்பான் மெஷினு. சுச்சுப் போடறதுக்கு இவ பக்கத்துல நிக்கறா, அவ்வளவுதான்."

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசம் கேட்டாள். இரண்டு நாளில் வேலூர் முழுக்க அந்தச் செய்தி பரவிவிட்டது. கொடிக்கால்காரர் மகள் ஜப்பான் மெஷின் ஓட்டுகிறாள். ஆபீஸில்கூட என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். பாட்டுக்காரி என்று சொல்லியிருந்தால் அந்த மரியாதை கிடைத்திருக்காது.

அடுத்த ஒரு வருடம் எங்களுக்கு ஓய்வில்லை. காதுகுத்து, புதுமனை புகுவிழா, போர்வெல் லாரிக்குப் பூஜை என்று எல்லா இடத்துக்கும் கூப்பிட்டார்கள். மற்ற பாட்டெல்லாம் பாடாவிட்டாலும் பரவாயில்லை, மெஷின் பாட்டு வேண்டும். மாஸ்டரும் பெட்டியை அதே இடத்தில் வைத்து, எங்களை அதே இடத்தில் மறைத்து உட்காரவைத்தார்.

எனக்கு இது பழகிவிட்டது. டிரம்ஸ்காரருக்குப் பழகவில்லை. ஒருநாள் திருச்செங்கோட்டில் நிகழ்ச்சி முடிந்து சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து அவர் தோளைத் தட்டி, மெஷின் அருமையாகத் தாளம் போடுகிறது, நீ அதைத் தூக்கிவைக்கிற ஆளா என்று அன்பாக விசாரித்தார். டிரம்ஸ்காரர் ஆமாங்க என்று சொல்லிவிட்டுத் தூக்கிவைத்தார். அதற்கடுத்த நிகழ்ச்சியில் பாட்டின் நடுவில் வேண்டுமென்றே ஒரு அடியை விட்டார். அடுத்த வரியில் இரண்டு அடி கூடுதலாகப் போட்டார். உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான் என்று யாருக்காவது தெரியட்டும் என்பதுதான் அவர் எண்ணம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, மெஷினில் ஏதோ கோளாறு, எங்கள் தெருவில் நல்ல எலக்ட்ரீஷியன் இருக்கிறார், கூட்டிவரட்டுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு டிரம்ஸ்காரர் ஒரு அடியும் தவறவிடவில்லை.

மில்லுக்கு ஆர்டர் கொடுத்திருந்த நூல் சுற்றும் மெஷின் வந்து இறங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க ஜப்பானிலிருந்தே ஒரு இன்ஜினியர் வந்தார். நடுத்தர வயது, ஒல்லி, எதைச் சொன்னாலும் தலைகுனிந்து கேட்பார். வேலை முடிந்து அவர் ஊருக்குக் கிளம்புமுன் மில்லுக்காரர் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். மில்லுக்கு நிலம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அழைப்பு. அத்தை வீட்டுக்காரரும் நிலம் கொடுத்தவர் என்பதால் அத்தையும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். விருந்தாளிக்கு அவருடைய சொந்த நாட்டுப் பாட்டையே போட்டு அசத்துவது மில்லுக்காரரின் திட்டம்.

பொழுது சாய்ந்து விளக்குகள் போட்டதும் தொடங்கினோம். இன்ஜினியர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். முதல் 'மாதோ'வைத் தாண்டி இரண்டாவது அடிக்கு வந்தபோது கரண்ட் போனது.

பல்புகள் அணைந்தன. தண்ணீர் சொட்டும் சத்தத்தை வாசித்த ஆர்கன் நின்றது. கிடாரின் உறுமல் நின்றது. மைக்கும் இல்லை. கூட்டம் ஐயோ என்று ஒரு பெருமூச்சு விட்டது, மெஷின் நின்றுவிட்டதே என்று. ஆனால் எனக்குப் பின்னால் டிரம்ஸ் நிற்கவில்லை. அதே தாளம், அதே அழுத்தம். அவர் நிறுத்தாதபோது நான் எப்படி நிறுத்துவது? பாடிக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. வெட்டுப்பட்ட குரல் பெரிய பெரிய துண்டுகளாகி, பிறகு முழுதாகி, கடைசியில் இறக்கைகள் நின்றபோது இருட்டில் என் சொந்தக் குரல் மட்டும் ஜப்பான் வார்த்தைகளைப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு வருடத்தில் அந்தப் பாட்டில் என் குரலை நானே அன்றுதான் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மில்லில் ஜெனரேட்டர் உண்டு. அதை ஓட்ட வேண்டியவர் கச்சேரி பார்க்க உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து ஓடுவதற்குள் யாரோ உதவி செய்கிற எண்ணத்தில் வாசலில் நின்ற லாரியின் ஹெட்லைட்டை மேடையை நோக்கிப் போட்டார். பக்கவாட்டிலிருந்து அடித்த வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. பலகைப் பெட்டி, அதற்குள் டேபிள் ஃபேன், அதற்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு நான், எனக்குப் பின்னால் வேர்வை வழிய ஒருவர்.

பாட்டை முடித்தோம். யாரும் கைதட்டவில்லை. "அட, ஆளுங்கதான் பாடறாங்க" என்று ஒரு குரல் வந்தது. ஏமாந்துபோனவர்களின் குரல் அது. மில்லுக்காரர் மாஸ்டரைத் தனியே அழைத்துப்போய், மெஷின் என்றல்லவா எல்லாரிடமும் சொல்லிவைத்தேன் என்று குறைபட்டுக்கொண்டார். அவரே கேசட் கொண்டுவந்து கொடுத்தவர் என்பதை மாஸ்டர் நினைவுபடுத்தவில்லை.

நான் டிரம்ஸ்காரரிடம் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"கரண்டு போனா நிக்கறது தறிங்க அம்மிணி" என்றார்.

கரண்ட் வந்த பிறகு மில் மேனேஜர் எங்களை இன்ஜினியரிடம் அழைத்துப்போனார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பாட்டு மிக அழகாக இருந்தது, அது எந்த மொழி என்று கேட்கிறார் என்றார் மேனேஜர். எங்கள் அறிவிப்பாளரின் முகம் விழுந்துவிட்டது. மில்லுக்காரர் விடவில்லை. காரிலிருந்த டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போடச் சொன்னார். இன்ஜினியர் காரின் கதவருகே குனிந்து நின்று கேட்டார். சற்று நேரத்தில் சிரித்துவிட்டார். வீட்டில் அவர் மகள் நாள் முழுக்க இதைத்தான் போடுகிறாளாம். சத்தத்தைக் குறை என்று கத்திவிட்டு விமானம் ஏறினாராம். கேசட்டில் இருப்பது தனக்கும் சரியாகப் புரியாது, இருட்டில் அந்தப் பெண் பாடியபோதுதான் ஒன்றிரண்டு சொற்கள் எங்கேயோ கேட்டது போல இருந்தன என்றார்.

அங்கே நின்றிருந்த அப்பாதான் அர்த்தம் கேட்டார். அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. இன்ஜினியர் கேசட்டை மறுபடி கவனமாகக் கேட்டு மேனேஜருக்குச் சொல்ல, மேனேஜர் உரத்த குரலில் எங்களுக்குச் சொன்னார். யாரு இல்லை, யோரு. அப்படியென்றால் ராத்திரி. மாதோ என்றால் ஜன்னல். ராத்திரி ஜன்னலைச் சாத்திவிடாதே, நான் வருவேன் என்று ஒருத்தி தன் காதலனிடம் சொல்கிறாள்.

அப்பா தன் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.  அறிவிப்பாளர் மட்டும் மேனேஜரிடம், முதலில் அசைச்சொல்லாக இருந்து பிற்காலத்தில் ஜன்னலாகியிருக்கலாம் அல்லவா என்று கேட்கச் சொன்னார். மேனேஜர் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அத்தை எங்களோடு நடந்துவந்தாள்.  பேச்சை அத்தையே தொடங்கினாள்.

"கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும்டா. நடுவுல ரெண்டு தரம் இருமுச்சு. மெஷினு எங்கியாச்சும் இருமுமா?"

"அப்பறம் ஏனுங்க அக்கா ஒண்ணுஞ் சொல்லுல?"

"நீ சொன்னது நல்லாத்தான இருந்துச்சு. நாலு பேரு கேட்டப்ப நானும் அதையேதான் சொன்னேன். இனி வேற ஏதாச்சும் சொல்லோணும்."

அத்தை அதையும் கண்டுபிடித்தாள். என் தம்பி மகளுக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று சொல்லத் தொடங்கினாள். அந்தச் செய்தி சேலம் வரை போய், அங்கே பணக்காரர்கள் வசிக்கும் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா காபியை வைத்துவிட்டு, "ரெண்டு வார்த்தை ஜப்பான்ல பேசு சாமி, கேப்போம்" என்றார். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டுதான். தலையைக் குனிந்துகொண்டு, ராத்திரி ஜன்னலைச் சாத்தாதே என்கிற வரியை மெதுவாகச் சொன்னேன். எவ்வளவு அடக்கமான பாஷை என்று அவர் மகிழ்ந்துபோனார். அப்பா எழுந்து வெற்றிலை எடுத்துவர உள்ளே போய்விட்டார். கல்யாணத்தை அடுத்த தை மாதம் வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள்.

அதுவரை குழுவில் தொடர்ந்து பாடினேன். பெட்டி கடைக்குள் போய்விட்டது. மெஷின் இல்லாத குழுவை யாரும் முன்போலக் கூப்பிடவில்லை. மாஸ்டர் மனம் தளராமல் மெட்ராஸுக்குப் போய் உண்மையாகவே தாளம் போடும் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். சின்னதுதான், தீப்பெட்டிக் கட்டு அளவு. பொத்தானை அழுத்தினால் போதும், வேண்டிய தாளம் ஓடும். ஆனால் மில் விருந்துக்குப் பிறகு ஜனங்களின் ரசனை மாறியிருந்தது. மேடையில் ஆள் உட்கார்ந்து வாசித்தால்தான் கச்சேரி, இல்லாவிட்டால் ஏமாற்று வேலை என்றார்கள். அதனால் மாஸ்டர் மெஷினை ஒரு துணிக்குக் கீழே மறைத்துவைத்தார். டிரம்ஸ்காரரை முன்னால், எல்லார் கண்ணிலும் படும்படி உட்காரவைத்தார். தோலில் படாமல் குச்சியை வீசினால் போதும் என்றார்.

டிரம்ஸ்காரர் இரண்டு நிகழ்ச்சிகள் வீசினார். அவர் வாழ்க்கையில் கிடைத்த பெரிய கைதட்டல்கள் அவை. ஒரு கிழவர் மேடையேறி வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் டிரம்ஸ்காரர் கடைக்கு வந்து குச்சிகளை மேஜைமேல் வைத்தார்.

"ஆள் இருக்கறப்ப மெஷினுன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப மெஷினு வாசிக்குது, எனக்குக் கை தட்டறாங்க. இது என்னால ஆகாதுங்க மாஸ்டர்."

மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டிரம்ஸ்காரர் போர்வெல் லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவருக்குப் பதிலாக மாஸ்டர் தன் மச்சானை உட்காரவைத்தார். தாளம் என்றால் என்னவென்றே தெரியாதவர், ஆனால் குச்சியை அழகாக வீசுவார்.

கல்யாணத்துக்கு முன் நான் கடைசியாகப் பாடியது ராசிபுரத்தில். எனக்கு நன்றாகப் பழகிய ஒரு மெதுவான பாட்டு. சரணத்தின் நீண்ட வரியில் எப்போதும் ஓரிடத்தில் மூச்சு வாங்குவேன். வாங்கிக்கொண்டு திரும்பியபோது தாளம் என்னைத் தாண்டிப் போயிருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த இடத்தில் நான் மூச்சு வாங்குவேன் என்று தெரிந்துகொண்டு, இத்தனை நாளும் பழைய டிரம்ஸ்காரர் எனக்காகக் கொஞ்சம் நின்று வந்திருக்கிறார். அவர் நின்றதும் எனக்குத் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. மெஷின் நிற்கவில்லை. ஓடிப்பிடிக்க முடியாமல் அரை வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கீழே இறங்கியபோது இரண்டு பேர் வந்து, இன்றைக்குத் தாளம் ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள்.